ஒரே இன்ஜின், இரண்டு கார்: தம்பிக்கு அக்காவின் டிப்ஸ்

தம்பி,

கோல்ஃப் ஜிடிஐயா, ஆக்டேவியா ஆர்எஸ்ஸா என்று நீ சிங்கப்பூரில் இருந்து அனுப்பிய ஒன்பது நிமிட வாய்ஸ் மெசேஜை இரண்டு முறை கேட்டேன். அதில் எட்டு நிமிடம் குதிரைத்திறன், டார்க், நூறைத் தொடும் நேரம். திருவண்ணாமலை என்ற பேர் ஒரு தடவைகூட வரவில்லை. கார் நிற்கப்போவது நம் வீட்டு வாசலில். ஓடப்போவது செங்கம் ரோட்டிலும் திண்டிவனம் ரோட்டிலும். சென்னையில் ஒன்பது வருடம் ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் அட்வைசராக நின்றவள் நான். ஆசை ஆசையாக வாங்கிய காரை முகம் வாடிப்போய்க் கொண்டுவந்து நிறுத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீ அப்படி வந்து நிற்கக் கூடாது. உன்னைப் போலப் பத்து வருடம் பணம் சேர்த்து ஒரே ஒரு காருக்காகக் காத்திருக்கும் தம்பி தங்கைகள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

எண்களை ஓரமாக வை

நீ ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும் எண்கள் உனக்கு உதவவே உதவாது. இரண்டும் ஃபோக்ஸ்வாகன் குடும்பத்துக் கார்கள். இரண்டிலும் அதே 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், அதே 265 பிஎஸ், அதே 370 நியூட்டன் மீட்டர், அதே 7 கியர் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். இரண்டுமே முன்சக்கரத்தில் இழுப்பவை. நூறைத் தொட கோல்ஃபுக்கு 5.9 விநாடி, ஆக்டேவியாவுக்கு 6.4 விநாடி என்று கம்பெனி சொல்கிறது. அந்த அரை விநாடியை நீ எங்கே செலவு செய்யப்போகிறாய்? அவலூர்பேட்டை ரோட்டு லெவல் கிராசிங்கிலா?

இரண்டுமே சும்மா வந்த பெயர்கள் இல்லை, அது எனக்கும் தெரியும். 1976இல் முதல் ஜிடிஐ விற்பனைக்கு வந்தபோது 5,000 கார் விற்றால் போதும் என்று நினைத்தார்களாம். வாரம் முழுக்க ஆபீசுக்குப் போய்வரும் சின்னக் கார், ஞாயிற்றுக்கிழமை ரேஸ் காரின் பக்கத்தில் நிற்கலாம் என்ற எண்ணமே அங்கிருந்துதான் பரவியது. ஆக்டேவியா ஆர்எஸ் 2004லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. 2017இல் 230 பிஎஸ்ஸோடு திரும்ப வந்தது. 2020இல் 245 பிஎஸ்ஸோடு 200 கார் மட்டும் வந்தன. அந்த 245இல் ஒன்று எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போதெல்லாம் மெக்கானிக் பையன்கள் டீயை வைத்துவிட்டு எழுந்து வருவார்கள். நானும்தான்.

2025 மே மாதம் கோல்ஃப் ஜிடிஐ சுமார் 53 லட்சத்துக்கு வந்தது, முதல் தவணை 150 கார். அக்டோபரில் ஆக்டேவியா ஆர்எஸ் 49.99 லட்சத்துக்கு வந்தது, மொத்தமே 100 கார். ஒன்று ஜெர்மனியில் இருந்து, மற்றது செக் நாட்டில் இருந்து, இரண்டும் முழுசாகக் கட்டப்பட்டுக் கப்பலில் இறங்கியவை. வந்த வேகத்தில் விற்றுப்போயின. ஆகவே உனக்கு இரண்டே வழி. அடுத்த தவணைக்குக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் ஓனரிடம் வாங்க வேண்டும். இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஷோரூம் விலையை விலை என்று நம்பாதே

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இருந்து, 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம். 50 லட்சம் என்றால் வரி மட்டும் 10 லட்சம். அதன் மேல் இன்ஷூரன்ஸ், பதிவுச் செலவு. 10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு ஷோரூமே 1 சதவீதம் டிசிஎஸ் வரி பிடிக்கும். அது உன் பான் எண்ணில் வரவாகும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். ஆடிட்டரிடம் ஞாபகப்படுத்தாமல் அந்தப் பணத்தை அப்படியே விட்டவர்கள் உண்டு. எல்லாம் சேர்ந்து கார் வீட்டுக்கு வரும்போது 60 லட்சத்தைத் தாண்டிவிடும். கையில் 55 வைத்துக்கொண்டு 50 லட்சக் காருக்கு முன்பணம் கட்டிவிடாதே.

அந்தப் பணத்தைத் தாண்டி இன்னும் பல லட்சம் உன்னால் முடியும் என்றால், பிஎம்டபிள்யூ எம்340ஐ என்று மூன்றாவது பெயர் ஒன்று இருக்கிறது. ஆறு சிலிண்டர், நாலு சக்கரமும் இழுக்கும். அதை மறைமலை நகர் பக்கம் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில், நம் ஊரில் இருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் போய்ச் சேரும் தூரத்தில் கட்டுகிறார்கள். ஆனால் நீ கேட்டது இரண்டைப் பற்றி, அதனால் அதை இங்கேயே விடுகிறேன்.

வேகத்தடையும் ஒன்பது சென்டிமீட்டர் ரப்பரும்

இதை மட்டும் பொறுமையாகப் படி. நம் ஊரில் இந்த மாதிரிக் காரின் விதியை எழுதுவது வேகத்தடைதான்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி, வேகத்தடை 3.7 மீட்டர் அகலமாகவும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமாகவும் வட்ட மேடாக இருக்க வேண்டும். அப்படிக் கட்டியிருந்தால் தாழ்ந்த காரும் தட்டாமல் ஏறி இறங்கிவிடும். தட்டுவது ஊர்க்காரர்கள் ஒரு விபத்துக்குப் பிறகு கோபத்தில் தாங்களே கொட்டும் மேடுகளில். ஓரடி அகலத்தில் சுவர் மாதிரி நிற்கும். அவர்கள் கோபத்தில் தப்பு சொல்ல மாட்டேன், பிள்ளைகள் ரோட்டைக் கடக்கிற இடம் அது. ஆனால் கோல்ஃப் ஜிடிஐக்கு அடியில் இருப்பது 136 மில்லிமீட்டர் இடைவெளி, அதுவும் காலிக் காரில். அப்பா, அம்மா, நான், பின்னால் பை என்று ஏறினால் அதுவும் குறையும். ஆக்டேவியா ஆர்எஸ்ஸும் சாதாரண ஆக்டேவியாவைவிட 15 மில்லிமீட்டர் இறக்கிக் கட்டப்பட்டது. சக்கரங்களுக்கு நடுவே நீளம் கூடுதல் என்பதால் குறுகலான மேட்டின் உச்சியில் வயிறு தட்டும் பயம் அதற்குக் கொஞ்சம் அதிகம்.

ஒரு பழக்கம் சொல்லித் தருகிறேன். மேட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, முன்சக்கரம் ஏறும் கணத்தில் பிரேக்கை விட்டுவிடு. பிரேக்கை மிதித்தபடியே ஏறினால் மூக்கு தாழ்ந்து பம்பர் உரசும். செங்குத்தான மேடு என்றால், எதிரிலும் பின்னாலும் வண்டி இல்லாதபோது, கொஞ்சம் சாய்வாக ஏறு. ஒரு நேரத்தில் ஒரு சக்கரம்தான் ஏற வேண்டும்.

அடுத்தது டயர். கோல்ஃபில் 225/40 ஆர்18, ஆக்டேவியாவில் 225/40 ஆர்19. 225இல் 40 சதவீதம் 90 மில்லிமீட்டர். ரோட்டுக்கும் உன் அலாய் வீலுக்கும் நடுவில் இருப்பது அந்த ஒன்பது சென்டிமீட்டர் ரப்பர்தான், இரண்டு காரிலும். மழைக்காலத்தில் திண்டிவனம் ரோட்டில் தண்ணீர் நிறைந்த பள்ளம் எவ்வளவு ஆழம் என்று யாருக்குத் தெரியும்? இரவில் கீழ்பென்னாத்தூர் பக்கம் பள்ளத்தில் இறங்கி, அலாய் வீல் வாய் கோணி, டயரின் பக்கவாட்டில் முட்டை மாதிரி வீங்கிய கார்களை எத்தனை தடவை எஸ்டிமேட் போட்டிருப்பேன்! வீங்கிய டயரை ஒட்டிப் பயன் இல்லை, மாற்றத்தான் வேண்டும். அதுவும் கப்பலில் வந்த காரின் வீல், கேட்ட அன்றே கிடைக்காது. ஆகவே எந்தக் காரை வாங்கினாலும் ஒரு அலாய் வீலும் அதே அளவு டயரும் சேர்த்து வாங்கி வீட்டில் வைத்துவிடு. டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதா, பங்க்சர் கிட் மட்டும்தானா என்று வாங்கும் முன்பே திறந்து பார். இன்ஷூரன்ஸில் டயருக்கும் ரிம்முக்கும் தனி ஆட்-ஆன் உண்டு, அதைப் போட்டே ஆக வேண்டும். காற்றை விடிகாலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கணும். சித்திரை வெயிலில் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் கணக்கு தப்பாகக் காட்டும்.

இன்னொன்று, நகரத்துக்காரர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். அறுப்புக் காலத்தில் நம் கிராமங்களில் ரோடுதான் களம். கொள்ளு, உளுந்து, கேழ்வரகு எல்லாம் தார் ரோட்டில் பரப்பி, போகிற வண்டிச் சக்கரத்தில் கதிர் அடிபடட்டும் என்று விடுவார்கள். தாழ்ந்த கார் அதன் மேல் போனால் கொடி அடியில் சுற்றிக்கொள்ளும். சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கவும் செய்யும். பரப்பியிருப்பதைக் கண்டால் ஓரமாக ஒதுங்கிப் போ, வழி இல்லை என்றால் இறங்கிக் கேள், அவர்களே ஒதுக்கித் தருவார்கள். தெரியாமல் ஏறிவிட்டால் அடுத்த டீக்கடையில் நிறுத்தி டார்ச் அடித்து அடியில் பார்த்துவிட்டுப் போ.

நிறுத்தத் தெரிந்த ஊர்

கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பஞ்ச ரதம் ஓடும்போது உன்னைத் தோளில் தூக்கிக் காட்டியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? நீ வடம் பிடித்து இழுக்கிற கூட்டத்தைப் பார்த்தாய். அப்பா என்னிடம் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஓடும் முட்டுக்கட்டைக்காரர்களைக் காட்டினார். ஆயிரம் பேர் இழுக்கிற தேரை மூலையில் திருப்புவதும் நிறுத்துவதும் அந்தக் கட்டையை எந்தக் கணத்தில், எந்தக் கோணத்தில் வைக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. அம்மன் தேரைப் பெண்களே இழுப்போம். வடம் பிடித்து நிற்கும்போது என் கண் இன்றைக்கும் அந்தக் கட்டையின் மேல்தான் இருக்கும்.

டெஸ்ட் டிரைவில் நீயும் அதைத்தான் பார்க்க வேண்டும். 370 நியூட்டன் மீட்டர் இழுக்கும் என்று தெரிந்ததுதானே. காலியான நேர் ரோட்டில் 80இல் இருந்து அழுத்தி நிறுத்திப் பார். பெடல் நேராக, சீராகப் பிடிக்கிறதா? ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா? ஈர ரோட்டில் இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்தால் முன்சக்கரம் வழுக்கப் பார்க்கும். இரண்டு காரிலும் முன் ஆக்சிலில் மின்னணு டிஃபரென்ஷியல் லாக் உண்டு, அது அடக்கும். ஆனால் முதல் மழையில் ரோட்டில் மிதக்கும் எண்ணெய்க்கும் சாணிக்கும் எந்த டிஃபரென்ஷியலும் பதில் சொல்லாது. கிரிவலப் பாதையில் குரங்கும் மாடும் இண்டிகேட்டர் போட்டுக் கடப்பதில்லை. செருப்பில்லாமல் சுற்றுகிறவர்கள் சாமியை நினைத்துக்கொண்டு நடக்கிறார்கள், உன் காரை நினைத்து இல்லை. அந்த 14 கிலோமீட்டரில் இந்தக் காரின் சத்தம்கூட வேண்டாம். பௌர்ணமிக்கு எப்படியும் போலீஸ் வழியை மாற்றிவிடும், கார் வாசலை விட்டு நகராது. நீயும் இறங்கி நட.

வேகம் வேண்டுமா, அதற்கு இடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் டிராக், 1990இல் திறந்தது, 3.7 கிலோமீட்டர். கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. நீ கொண்டாடும் நடிகர் அஜித்தின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் வந்தது டிராக்கில், ஹெல்மெட்டும் நெருப்பு தாங்கும் உடையும் போட்டுக்கொண்டு. வருடத்தில் இரண்டு நாள் டிராக் டே பதிவு செய்து போ, கூட நானும் வருகிறேன். ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு போ: சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் ரேஸும் வேகச் சோதனையும் அடங்காது. டிராக்கில் சுவரில் இடித்தால் செலவு முழுக்க உன்னுடையது. பொது ரோட்டில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவு தனியாக வரும்.

சின்னச் சின்ன விஷயங்கள்

பெட்ரோல் மூடியின் உள்ளே எந்த ஆக்டேன் என்று ஒட்டியிருக்கும், அதைப் போடு. ஊருக்குள் எந்த பங்க்கில் எக்ஸ்பி95 போல உயர் ஆக்டேன் தொடர்ந்து கிடைக்கிறது என்று முன்பே விசாரித்து வைத்துக்கொள்.

பூஜை போடாமல் அம்மா விட மாட்டார். போடலாம், அழகாகவே போடலாம். ஆனால் இந்தக் கார்களின் முகப்பில் ரேடார், முன்கண்ணாடியின் உச்சியில் கேமரா இருக்கிறது. அவை மறைந்தால் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியும் மற்ற எச்சரிக்கைகளும் வேலை செய்யாது. சந்தனமும் குங்குமமும் பானெட்டில் ஒரு சின்னப் பொட்டு, போதும். பூமாலையில் கம்பி இருந்தால் பெயின்ட்டில் கீறும், நூலில் கட்டித் தரச் சொல். எலுமிச்சைச் சாறு காய்வதற்குள் தண்ணீர் ஊற்று.

சர்வீஸுக்குச் சென்னையானாலும் பெங்களூரானாலும் இங்கிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். வாங்கும் முன்பே ஃபோன் செய்து இரண்டு கேள்வி கேள்: ரோடு சைடு உதவி வண்டி திருவண்ணாமலை வரைக்கும் வருமா, வருவது தட்டையான ஃபிளாட்பெட் லாரியா? கொக்கி போட்டு முன்சக்கரம் தரையில் உருள இழுத்தால் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் கெட்டுப்போகலாம். ஒரு முறை ஒரு வாடிக்கையாளரின் காரை அப்படி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார்கள். சின்ன பேட்டரிக் கோளாறில் நின்ற கார், கியர்பாக்ஸ் பில்லோடு திரும்பிப் போனது. அந்த அண்ணன் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பழைய காராக வாங்கினால்

வந்ததே சில நூறு கார்கள் என்பதால் விற்கிறவர் அரிய பொருள் என்று விலை சொல்வார். அவசரப்படாதே. ஸ்கேனர் போட்டு எல்லா எரர் கோடும் பார்க்கச் சொல். முக்கியமாக, இன்ஜின் மென்பொருளை ரீமேப் செய்திருக்கிறார்களா என்று கேள். ரீமேப் செய்தது கம்பெனி கணினியில் பதிவாகியிருந்தால் வாரன்டி போயிற்று என்று அர்த்தம். விற்கும் முன் பழைய மென்பொருளையே திருப்பி ஏற்றியிருப்பார்கள், அதனால் வாய்ச்சொல்லை நம்பாமல் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலேயே சேஸிஸ் எண்ணைக் கொடுத்து விசாரி. லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார். வேகத்தடை தட்டிய கதை முழுக்க அங்கேதான் எழுதியிருக்கும். நாலு டயரும் ஒரே கம்பெனி, ஒரே தேதியா என்றும் பார்த்துக்கொள்.

இன்ஷூரன்ஸில் காரின் மதிப்பு ஒரு வயது தாண்டினால் 20 சதவீதம், இரண்டு தாண்டினால் 30 சதவீதம் கழித்துப் போடுவதுதான் வழக்கமான கணக்கு. நீ கொடுக்கும் விலைக்கும் அந்த மதிப்புக்கும் நடுவில் இருக்கும் பணத்துக்கு, நாளை கார் முழுசாகப் போனால், யாரும் பொறுப்பில்லை. அந்த வித்தியாசத்தைக் காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசு.

எது உனக்கு

வீட்டில் ஒரே ஒரு கார்தான் என்றால் யோசிக்காமல் ஆக்டேவியா ஆர்எஸ் என்பேன். பின்சீட்டில் அப்பா காலை நீட்டி உட்காரலாம். டிக்கி 600 லிட்டர். பின்கண்ணாடியோடு சேர்ந்து கதவு திறப்பதால் ஆரணியில் இருந்து அரிசி மூட்டையும் கல்யாணச் சீரும் ஒரே நடையில் வரும். கோல்ஃபின் டிக்கி 380 லிட்டர்தான். தினமும் ஓட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமை இரவு சென்னைக்குப் போய் ஞாயிறு திரும்புகிற குடும்பஸ்தனுக்கு ஆக்டேவியாவைத் தாண்டி ஒன்றும் தேவையில்லை.

ஆனால் நம் வீட்டில் அப்பாவின் இன்னோவா இருக்கிறது. மூட்டையும் சீரும் அதில் வரும். நீ தேடுவது ஞாயிறு விடிகாலை ஐந்து மணிக்கு, ஊர் எழும் முன்னால், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் ஜமுனாமரத்தூருக்கும் தனியாகப் போய்வர ஒரு கார். அதற்கு நீளம் குறைந்த கார்தான் கைக்குள் அடங்கும். வளைவில் எதிரே பஸ் வந்தால் ஒதுங்க அந்தக் குறைவு வேண்டும்.

நேற்று சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு போய் நம் வீட்டு வாசலை அளந்தேன், அம்மா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். கேட்டில் இருந்து திண்ணைப் படி வரைக்கும் 4 மீட்டர் 90. ஆக்டேவியா 4 மீட்டர் 70 சென்டிமீட்டருக்கு மேல் ஒன்பது மில்லிமீட்டர். உள்ளே விட்டால் கேட் மூடும், ஆனால் அம்மா விளக்கேற்றப் படியிறங்கி வர வழி இருக்காது. கோல்ஃப் 4 மீட்டர் 29. அறுபது சென்டிமீட்டர் மிச்சம், துளசி மாடத்தை நகர்த்த வேண்டாம். நீ கோல்ஃப் வாங்கு. தை மாதம் லீவில் வரும்போது முதல் டெஸ்ட் டிரைவுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவோம். முட்டி வலியோடு அந்தத் தாழ்ந்த சீட்டில் இருந்து எழுந்து இறங்க முடிகிறதா என்று பார்த்த பிறகு முன்பணம் கட்டலாம்.